சிறைக் காய்ச்சல்

1750-ஆம் ஆண்டில், லண்டன் நியூகேட் சிறையிலிருந்து ஓல்டு பெய்லி நியாயஸ்தலத்துக்கு விசாரணைக்காகக் கொண்டுவரப்பட்ட கைதிகள், தங்கள் கந்தலாடைகளிலே ஒரு விஷ ஜுரத்தையும் சுமந்துவந்தார்கள். அதற்குப் பலியானவர்களில், கூண்டுக்கு எதிரே ஆசனத்தில் வீற்றிருந்த நீதிபதிகள் இருவரும் லண்டன் மேயரும் அடக்கம். இறந்தோர் தொகை 40-ஐத் தாண்டிற்று.

‘சிறைக் காய்ச்சல்’ என்று அக்காலத்து ஆங்கிலேயர் அஞ்சிய இவ்வியாதியை வைத்தியர்கள் டைபஸ் என்பார்கள். நாம் அறிந்த டைபாய்டு வேறு. 1773-இல் பெட்போர்டு ஜில்லாவின் ஷெரீப் பதவியை ஏற்ற ஜான் ஹோவர்டு என்ற கனவான், நிரபராதி என்று தீர்ப்புப் பெற்றவர்கள்கூடச் சிறைக் காவலனுக்குரிய கட்டணத்தைச் செலுத்த வகையின்றி மீண்டும் உள்ளே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் பொறாமல், தேசத்துச் சிறைகளையெல்லாம் தாமே நேரில் பார்த்துவரப் புறப்பட்டார். சிறைகளின் துர்நாற்றம் உடையில் ஊறிப்போனதால், மூடிய வண்டிக்குள் அமர முடியாமல் குதிரைமீதே பிரயாணம் செய்தார். குறிப்புப் புத்தகத்தைத் தாள் தாளாக நெருப்பருகே விரித்து வாட்டிய பிறகே கையாள முடிந்தது. தூக்கிலிடப்பட்டவர்களைவிட இந்தக் காய்ச்சலால் மாண்ட கைதிகளே அதிகம் என்று அவர் எழுதிவைத்தார்.

அவருடைய சாட்சியத்தின் பயனாக 1774-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டுக்கொரு முறையேனும் சுவர்களைச் சுரண்டிச் சுண்ணாம்படிக்க வேண்டும். காற்றோட்டமும் குளிக்க வசதியும் வேண்டும். பிணியாளருக்குத் தனி அறையும், வைத்தியர் ஒருவரும் வேண்டும். சட்டத்தைத் தம் செலவிலேயே அச்சிட்டுச் சிறை அதிகாரிகளுக்கு அனுப்பிய ஹோவர்டு, மறுபடி சென்று பார்த்தபோது பல இடங்களில் அது ஏட்டளவிலேயே நின்றிருந்தது.

அசுத்தமான காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்து நம்பிக்கை. உடையில் வாழும் பேனே அதைப் பரப்புகிறது என்பதை 1909-இல் டூனிஸ் நகரத்தில் சார்லஸ் நிக்கோல் என்ற வைத்தியர் நிரூபித்தார். ஆயினும், கைதியின் துணிகளை மிதமான சூடுள்ள அடுப்பறையில் சில மணி நேரம் வைத்தெடுக்கவேண்டும் என்று ஹோவர்டு சொல்லிய உபாயம் அந்தப் பேனையே மாய்ப்பது என்பதை எண்ணும்போது, கைதியை மனிதனாகக் கருதிய அந்த உள்ளத்தின் கூர்மையை வியக்காமலிருக்க முடியவில்லை.

சிறைகளில் அந்தக் காய்ச்சலின் இடத்தை இன்று க்ஷயரோகம் பிடித்திருக்கிறது. நெரிசலும் காற்றில்லாத அறையும் அதற்குப் பிறந்தகம் போன்றவை. சாதாரண க்ஷயத்துக்கே ஆறு மாத காலம் இடைவிடாமல் மருந்து உண்ணவேண்டும். நடுவில் நிறுத்தினாலோ, மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுத்து, கைதி விடுதலையாகித் திரும்பிச் சேரும் வீட்டாரையும் பற்றக்கூடும். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், வெளியிலுள்ளோருக்குக் கிட்டும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் உண்டென்றும், சிகிச்சையின் தொடர்ச்சி அறுபடலாகாதென்றும் கூறுகின்றன. ஆதலால், விடுதலை நாளன்று அவனுடைய துணிமணிகளையும் கூலிப் பணத்தையும் எண்ணிக் கொடுக்கிற அதே கை, மீதி மாத்திரைகளையும், அவனூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும்.