சொல்லத் தெரியாத வலி

அறிவுசார் குறைபாடுள்ள, வாய் பேசாத இளைஞர் ஒருவர் ஓயாமல் கன்னத்தில் அறைந்துகொள்கிறார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். 'இவருக்கு இது வழக்கம்தான்' என்று அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. விவரம் தெரிந்த செவிலியர் முதலில் பல்லைப் பார்ப்பார், பிறகு காதை. கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று வீட்டாரைக் கேட்பார். மலச்சிக்கலால் ஒருவர் சாவாரா என்று தோன்றலாம். கவனிக்காமல் விடப்பட்டுச் செத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் செவிலியர் பணிக்கு நான்கு பிரிவுகள் உண்டு: பெரியவர், குழந்தைகள், மனநலம், அறிவுசார் குறைபாடு. நான்காவதற்கெனத் தனிப் பட்டப்படிப்பும் தனிப் பதிவும் இருக்கின்றன. 1979-இல் ஜே குழு என்ற அரசு விசாரணைக் குழு இந்தப் பிரிவே வேண்டாம், சமூகப் பணிப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் போதும் என்றது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வராமல் போனது நல்லதாயிற்று. அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று இங்கிலாந்தில் 2013-இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தொடங்குவதிலும் ஏற்பட்ட தாமதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இந்தச் செவிலியர் ஒருவர், நோயாளிக்கும் மற்ற பிரிவுகளுக்கும் நடுவே நின்று வேலை பார்க்கிறார். கூட்டத்தில் காத்திருக்க முடியாதவருக்கு அன்றைய முதல் நேரத்தை வாங்கித் தருவார். ஊசிக்கு மிரள்பவரின் கையில் முன்கூட்டியே மரப்புக் களிம்பு தடவச் சொல்வார். பல் அறுவைக்கு மயக்கம் கொடுக்கிறார்களா? அதே மயக்கத்திலேயே ரத்தமும் எடுத்துவிடுங்கள் என்று இரண்டு துறைகளையும் பேசி இணங்க வைப்பார். இவையெல்லாம் சலுகைகள் அல்ல. இப்படிப்பட்ட மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் விதித்த கடமை.

நோயாளியின் கையில் 'மருத்துவமனை பாஸ்போர்ட்' என்றொரு சிறு ஏடு இருக்கும். ஒவ்வாத மருந்து, வலிப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை சிவப்புப் பக்கத்தில். வலித்தால் எப்படிக் காட்டுவார் என்பது மஞ்சளில். பிடித்தது, பிடிக்காதது பச்சையில். ஏடு இருந்தால் மட்டும் போதாது. யாராவது அதைப் படிக்க வேண்டும், வீட்டார் சொல்வதை நம்பவும் வேண்டும். ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞர் 2016-இல் பிரிஸ்டலில் இறந்தார். மனநோய்க்குத் தரும் வகை மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அப்படியும் அந்த மருந்து கொடுக்கப்பட்டது, மூளை வீங்கியது. பெற்றோரின் நெடும் போராட்டத்துக்குப் பிறகு, சுகாதார, பராமரிப்புப் பணியாளர்கள் அனைவருக்கும் அறிவுசார் குறைபாடு பற்றிப் பயிற்சி தர வேண்டும் என்று 2022-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது.

பயிற்சி அவசியம்தான். ஆனால் அது இந்தச் செவிலியருக்கு ஈடாகாது. 14 வயது முதல் ஆண்டுதோறும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு முழு உடல் பரிசோதனை உண்டு. அதற்கு வர மறுப்பவரின் வீட்டுக்கே போய், படங்களைக் காட்டி, பல வாரம் பழகி அழைத்துவருவது ஒருநாள் வகுப்பில் வந்துவிடுகிற திறமை அல்ல. அதைக் கற்றவர்களின் எண்ணிக்கையோ 2009-க்குப் பிறகு இங்கிலாந்தின் அரசு மருத்துவப் பணியில் பெருமளவு குறைந்துவிட்டது. போதிய மாணவர்கள் சேராததால் சில பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பையே நிறுத்திவிட்டன.