எதிர்மன்னசிங்கமும் நல்லூர் அரசின் இறுதிக் காலமும்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியை அடுத்த நல்லூரே அந்நாட்டை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் இராசதானியாக இருந்தது. 1591இல் அந்திரே பூர்த்தாடோ தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படை அதைக் கைப்பற்றி, மன்னன் புவிராச பண்டாரத்தைக் கொன்றது. காயமுற்றுக் கிடந்த இளவரசன் எதிர்மன்னசிங்கத்தையும் வெட்ட முனைந்த வேளையில், சிமாவோ பின்னியாவோ என்ற படைத்தலைவன் தடுத்துக் காப்பாற்றினான். உயிர் தப்பிய அந்த இளவரசனையே போர்த்துக்கேயர் அரியணையில் ஏற்றினர்.

அவன் பெற்றது முடி மட்டுமே. அதிகாரம் கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதியின் கையில் இருந்தது. பாதிரிமாருக்கு நாட்டில் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் போர்த்துக்கேயரை எதிர்த்த கண்டி அரசுக்குத் தென்னிந்தியாவிலிருந்து உதவி சென்ற வழி யாழ்ப்பாணமே. இதனால் போர்த்துக்கேயரின் சந்தேகம் அவனை விட்டு அகலவில்லை. இரு பக்க நெருக்கடியிலும் 26 ஆண்டுகள் அரசைக் காத்து நின்றது சிறிய காரியமல்ல.

1617இல் அவன் இறந்தபோது வாரிசு சிறுவன். ஆட்சிப் பொறுப்பேற்ற அரசகேசரி, இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய புலவன். அவனைக் கொன்று அரச குடும்பத்தவனான சங்கிலி குமாரன் அதிகாரத்தைப் பிடித்தான். உள்நாட்டுக் கிளர்ச்சி மூளவே தஞ்சை நாயக்கரின் படையுதவியை நாடினான். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூரை வென்றான். சிறைப்பட்ட சங்கிலி கோவாவில் மரண தண்டனைக்கு உள்ளானான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டு, ஆட்சிபீடம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. அரச காலத்துக் கேணியாகிய ‘ப’ வடிவ யமுனா ஏரியை இன்றும் நல்லூரில் காணலாம்.