தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் ஏதிலிகளும் இந்தியக் குடியுரிமையும்

இலங்கை இனப்போர் காரணமாக 1983 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிற்கு வந்து தங்கியுள்ள தமிழர்கள் இலங்கைத் தமிழ் ஏதிலிகள் எனப்படுகின்றனர். இவர்களுள் பலர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமை பெற இயலாத நிலையில் உள்ளனர். வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை விட, நாட்டுக்குள் நுழைந்த முறையே இவர்களது விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது இதற்கு முதன்மைக் காரணம் ஆகும்.

பின்னணி

1983 சூலையில் நிகழ்ந்த வன்முறைக்குப் பின் தமிழர்கள் படகுகளில் இராமேசுவரம் கரையை அடைந்தனர். மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, பின்னர் பிற மாவட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்கு அருகிலுள்ள குறிஞ்சிப்பாடியிலும் முகாம் உண்டு.

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்தில் சட்டமன்றத்தில் அளித்த தகவலின்படி, 1983 முதல் 3,04,269 பேர் வந்துள்ளனர். அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிந்து முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். அவ்வாண்டில் முகாம்களின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது.

முகாம்களில் உள்ளோரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். இவர்களது முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தில், மலையகத் தமிழருள் 5,25,000 பேருக்குக் குடியுரிமை வழங்க இந்தியா ஒப்புக்கொண்டது.

குடியுரிமை பெறும் வழிகள்

1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பு, வழித்தோன்றல், பதிவு, இயல்புரிமை ஆகிய வழிகளில் ஒருவர் இந்தியக் குடிமகன் ஆகலாம்.

பிறப்பு வழிக் குடியுரிமை, பிறந்த நாளைப் பொறுத்து மூன்று வகைப்படும்:

- 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்நாட்டவராயினும், இந்தியக் குடிமக்கள் ஆவர்.
- 1987 சூலை 1 முதல் 2004 திசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும்.
- 2004 திசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பதுடன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது.

ஒரே குடும்பத்தில் 1987 சூன் மாதத்திற்குள் முகாமில் பிறந்த மூத்த பிள்ளை இந்தியராகவும், அதன் பின் பிறந்த தம்பி தங்கையர் அயலாராகவும் இருக்க இதுவே காரணம்.

இயல்புரிமை கோருவோர், விண்ணப்பத்திற்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தையும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஒரு மொழியில் போதிய அறிவும் வேண்டும். தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழியே. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர், மாநில அரசு வழியாக ஒன்றிய உள்துறை அமைச்சகத்திற்குச் செல்கிறது.

சட்டவிரோதக் குடியேறி என்னும் தடை

மேற்கண்ட தகுதிகள் பல ஏதிலிகளுக்கு உண்டு. ஆனால் 2003 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், பதிவு வழியிலும் இயல்புரிமை வழியிலும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' விண்ணப்பிப்பதைத் தடுத்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ பிற பயண ஆவணமோ இன்றி நுழைந்தவரும், அனுமதிக் காலம் கடந்து தங்கியவரும் இவ்வகையில் அடங்குவர். போரிலிருந்து தப்பிப் படகில் வந்தவர்களிடம் இத்தகைய ஆவணங்கள் பெரும்பாலும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் ஏதிலிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், ஏதிலி என்னும் தனிச் சட்டநிலையும் இவர்களுக்கு இல்லை.

2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 திசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவருக்கு இத்தடையை நீக்கி, வசிப்புக் காலத்தையும் 5 ஆண்டுகளாகக் குறைத்தது. இலங்கை இப்பட்டியலில் இல்லை. இச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று தீர்மானம் நிறைவேற்றியது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

மலையக வழியினரான 65 பேர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூன் 17 அன்று தீர்ப்பளித்தது. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், அவற்றின் மீது ஒன்றிய அரசு 16 வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது.

1986 ஏப்ரலில் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் பிறப்பால் இந்தியர் என 2022 ஆகத்தில் மதுரைக் கிளை ஏற்றுக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. திருச்சிராப்பள்ளி கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் அவர், 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்.

நெதர்லாந்துடன் ஒப்பீடு

1980களின் நடுப்பகுதியில் இலங்கைத் தமிழர்கள் நெதர்லாந்திலும் தஞ்சம் கோரினர். அந்நாடு ஏதிலிகள் உடன்படிக்கையை ஏற்ற நாடு. ஆவணமின்றி நுழைந்ததற்காக ஏதிலிகளைத் தண்டித்தல் ஆகாது என அதன் 31 ஆம் உறுப்பும், குடியுரிமை பெறுவதை இயன்றவரை எளிதாக்க வேண்டும் என 34 ஆம் உறுப்பும் கூறுகின்றன. தஞ்சம் ஏற்கப்பட்டு அனுமதி கிடைத்ததும் ஒருவரது வசிப்பு சட்டப்படியானது ஆகிறது.

அங்கு 18 வயது நிறைந்து, பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி வசித்து, டச்சு மொழியும் சமூக அறிவும் சார்ந்த தேர்வில் தேறியவர் உள்ளூர் நகராட்சியில் விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்டால், குடியுரிமை விழாவில் உறுதிமொழி கூற வேண்டும். பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்னும் பொது விதியிலிருந்து ஏதிலிகளுக்கு விலக்கு உண்டு. இவ்வாறு, படகிலோ வானூர்தியிலோ ஒரே ஊரை விட்டுப் புறப்பட்ட இருவரில் ஒருவர் டச்சுக் குடிமகன் ஆகவும், மற்றவர் முகாமிலேயே தங்கவும் நேரலாம்.

தற்போதைய நிலை

2015 சனவரி 9க்குள் வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்மைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது அவர்களது தங்கலைப் பாதுகாக்கிறது. ஆயினும் குடியுரிமையோ வாக்குரிமையோ வழங்கவில்லை. 1987 சூலைக்குப் பின் முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து, இலங்கையைப் பார்த்தறியாத தலைமுறையே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகிறது.