முகஸ்துதி எத்தனை மீட்டர் எட்டும்?

பாரிஸ் லாசப்பலில் மெட்ரோ ரயில் தரைக்கு மேலே, இரும்புத் தூண்கள்மீது ஓடுகிறது. அந்தப் பாதையை ஒட்டி, நம்மவர் கடைத்தெருக்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், ‘பூஃப் துய் நோர்’ என்ற நாடக அரங்கம் நிற்கிறது. 1876இல் கட்டியது, 1952இல் மூடிவிட்டார்கள். சிதைந்து கிடந்த அதை 1974இல் இயக்குநர் பீட்டர் புரூக் மீண்டும் திறந்தபோது, முதல் நாடகமாக ஷேக்ஸ்பியரின் ‘ஏதென்ஸ் நகரத்து டைமன்’ அரங்கேறியது.

அந்த நாடகம் ஒரு கவிஞனோடும் ஓவியனோடும் தொடங்குகிறது. செல்வந்தன் டைமனின் வீட்டில் இருவரும் காத்திருக்கிறார்கள். கையில் அவனை மகிழ்விக்கும் சரக்கு. ஒருவர் படைப்பை மற்றவர் வாயாரப் புகழ்கிறார். டைமன் எல்லாம் இழந்து காட்டுக்குப் போகிறான். அங்கே அவனிடம் பொன் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மறுபடி தேடிவருகிறார்கள், இந்த முறை வெறும் வாக்குறுதியோடு. கலைஞனின் பேராசையையும் சமரசத்தையும் இவ்வளவு கூர்மையாகக் கேலிசெய்த காட்சிகள் அபூர்வம்.

ஆனால் இந்தக் கேலி பார்வையாளரைச் சேர்வதற்கு இயற்பியல் எல்லை வகுக்கிறது. பொய்ப் புகழ்ச்சி உதட்டோரத்தின் சின்ன அசைவிலும் குரலின் சிறு தணிவிலும்தான் வெளிப்படுகிறது. நல்ல கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பத்து மீட்டர் தொலைவில் அது சுமார் 3 மில்லிமீட்டர். நாற்பது மீட்டரில் 12 மில்லிமீட்டர். அங்கே உதட்டோரம் மறைந்துவிடும். இருபது மீட்டரைத் தாண்டினால் முகபாவம் பிடிபடாது என்பது அரங்கம் கட்டுவோரின் பொதுக் கணக்கு.

ஒலியும் அப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் செறிவு கால்பங்காகும், அதாவது 6 டெசிபெல் இறங்கும். உயிரொலிகள் தாக்குப்பிடிக்கும், வலுக்குறைந்த மெய்யொலிகள் முதலில் தொலையும். அதனால் நடிகர் கத்துகிறார், சிரிப்பைப் பெரிதாக்குகிறார். கூடுதல் டிக்கெட் விற்க ஒரு முதலாளி சேர்த்த பின்வரிசைகள் இப்படி நடிகரின் முகத்துக்குள் புகுந்து வேலை செய்கின்றன. நாடகத் தொழிலில் நடக்கும் சமரசங்களில் இதுவே மிகப் பழையது என்பேன்.

நம் தெருக்கூத்து இந்தத் தூரத்தை வேறு விதமாக வென்றது. இரவு, திறந்தவெளி, ஊரே திரண்ட கூட்டம். எனவே பெரிய கிரீடம், அடர்ந்த முகப்பூச்சு, உச்சஸ்தாயிப் பாட்டு, துளைத்துக்கொண்டு வரும் முகவீணைக் குழலோசை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அந்த வீச்சை எட்டிப்பிடிக்கும் கலை அது. அங்கே உதட்டோரக் கேலி எடுபடாது. கேலியை உரக்கச் சொல்லவே கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் வந்தான் என்று நினைக்கிறேன். அது தாழ்ந்த வழி அல்ல, வேறு வழி.

லண்டனிலும் பிராட்வேயிலும் வெற்றி கண்ட பிறகு, 1970இல் பாரிஸ் வந்தவர் புரூக். பூஃபில் அவர் தூரத்தையே குறைத்தார்: உயர்ந்த மேடையை விட்டுவிட்டு, நடிகர்களைத் தரையிலேயே, பார்வையாளர் நடுவில் நிறுத்தினார். இருக்கைகள் ஏறத்தாழ 500தான். காரை பெயர்ந்த சுவர்களை அப்படியே விட்டார். பார்ப்பதற்கு அழகு என்பதோடு முடியவில்லை அந்த முடிவு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வந்த ஒலிக்குப் பின் ஏறக்குறைய 50 மில்லிவினாடிக்குள் வந்துவிட்டால் மூளை இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். எதிரொலியாகக் கேட்காமல் சொல் வலுப்பெறும். அந்த நேரத்தில் ஒலி கடப்பது 17 மீட்டர். சிறிய கூடத்தில் முதல் பிரதிபலிப்புகள் பெரும்பாலும் அதற்குள் வந்துசேரும். ‘ஸ்’ என்ற உரசொலியின் அலைநீளமோ சுமார் 7 சென்டிமீட்டர். சுவரில் சில சென்டிமீட்டர் மேடுபள்ளம் இருந்தால் அது பல திசைகளில் சிதறிப் பரவும். வெல்வெட் திரை அதை விழுங்கிவிடும்.

இன்று எந்தச் சபாவிலும் ஒலிவாங்கி இருக்கிறதே என்று கேட்கலாம். அது மெய்யொலிகளை மீட்டுத் தரும். ஆனால் குரல் நடிகரின் வாயிலிருந்து வராமல் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து வரும். 12 மில்லிமீட்டர் கணக்கும் மாறாது. சென்னை எழும்பூரில் 1896இல் கட்டிய மியூசியம் தியேட்டர் இருக்கிறது. அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகள், பூஃபை ஒத்த அளவு. நம் சினிமா உலகின் முகஸ்துதியைக் கேலிசெய்யும் ஒரு தமிழ் நாடகத்தை, ஒலிவாங்கி இல்லாமல், அங்கே பார்க்க ஆசைப்படுகிறேன்.