இலங்கைக் கடல் வானிலையும் கிருஷ்ணகிரி ஜில்லாப் பயிர்களும்

கிருஷ்ணகிரி ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. ஓசூரோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ளது. ஆகையால் இலங்கையைச் சூழ்ந்த கடலைப் பற்றிய வானிலை அறிக்கை மீன்பிடிப்போர்க்கும் மாலுமிகளுக்குமே உரியதென்றும், கேழ்வரகும் தக்காளியும் பயிரிடுகிற குடியானவர்களுக்கு அதனால் பிரயோசனமில்லை என்றும் பலர் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் சரியன்று என்பதை 2024-ம் ஆண்டில் ஊத்தங்கரையில் பெய்த பெருமழை நன்கு விளக்கிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலின் தென்பாகத்தில், கடல்நீரின் வெப்பத்தால் காற்று இலேசாகி மேலெழும்புகிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறையவே, சுற்றிலுமுள்ள ஈரக்காற்று அங்கே சுழன்று பாய்கிறது. இது வலுத்தால் தாழ்வு மண்டலமாகிப் பின் புயலாகிறது. பெரும்பாலும் மேற்கு அல்லது வடமேற்குத் திசையில் இது நகர்வதால், அதன் முதல் அடையாளங்கள் இலங்கையின் கீழ்க்கரையிலேயே தோன்றுவதுண்டு. கொழும்பிலுள்ள இலங்கை வானிலை இலாகா காங்கேசன்துறை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் முதலிய கடற்பாகங்களுக்கு மழை, காற்றின் திசை, வேகம், கடல் கொந்தளிப்பு ஆகியவற்றைத் தினமும் அறிவிக்கிறது.

2024 நவம்பர் 26-ம் தேதியை ஒட்டி, இலங்கையின் கீழ்க்கரைக்கருகே ஒரு தாழ்வு மண்டலம் நகர்ந்தது. அத்தீவின் கிழக்கு மாகாணத்தில் வயல்கள் மூழ்கி, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நவம்பர் 29-ல் அது 'பெஞ்சல்' புயலாகி, 30-ம் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. ஆயினும் அதோடு அபாயம் நீங்கவில்லை. கடலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளேயிருக்கும் ஊத்தங்கரையில், டிசம்பர் 2-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அங்குல மழை பெய்தது. ஜில்லாவில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழையில் இது பாதிக்கு மேற்பட்டதாகும். ஏரி நிரம்பி வழிந்து, பஸ் நிலையத்தருகே நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது.

இதற்குக் காரணம் யாதெனில், கரையேறிய புயல் புதுச்சேரியருகே நெடுநேரம் நகராமல் நின்று, பின் மெதுவாகவே மேற்கே சென்றதாகும். தரையில் புயலின் காற்று தணிந்துவிடும். அதிலுள்ள ஈரம் உடனே தீர்ந்துவிடுவதில்லை. புயல் விரைந்து சென்றால் மழை பல இடங்களுக்குப் பகிர்ந்து பெய்யும். தயங்கி நகர்ந்தால் ஓரிடத்திலேயே கொட்டிவிடும். ஆகவே "புயல் கரை கடந்தது" என்ற செய்தியைக் கேட்டதும் உள்நாட்டார் அஜாக்கிரதையாக இருத்தல் தகாது.

ஒவ்வொரு புயலும் இவ்விதமே செய்யுமென்பதுமில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயலால் இலங்கையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின் அது தமிழ்நாட்டுக் கரையை ஒட்டிச் சென்று வலுக்குன்றிற்று. ஊத்தங்கரை முன்பு கண்ட மழை மீண்டும் நேரவில்லை. எனவே இலங்கைச் செய்தியை முன்னறிவிப்பாகக் கொண்டு, அதன்பின் இந்திய வானிலை இலாகா ஜில்லாவாரியாக வெளியிடும் எச்சரிக்கையைத் தினமும் கவனிப்பதே முறை. அவ்விலாகாவின் கணக்குப்படி ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்வது கனமழை; 12 முதல் 20 வரை மிகக் கனமழை; அதற்கு மேற்பட்டது அதிகனமழை.

எச்சரிக்கை கிடைத்ததும் விவசாயிகள் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. முற்றிய கேழ்வரகுக் கதிர்களைத் தாமதியாமல் அறுத்து, மேட்டுக்களத்தில் சேர்த்துத் தார்ப்பாயால் மூடுக. அரிகளை வயலில் விட்டுவைத்தால் தானியம் முளைத்துப்போகும்.

2. தக்காளி, காய்கறி நிலங்களில் வடிகால் வெட்டுக. மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒத்திவைக்கவும். மழை அவற்றைக் கழுவிச் சென்றுவிடும்.

3. ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களின் பக்கத்திரைகளை இறுகக் கட்டுக.

4. ஓடைக்கரையிலும் ஏரியின் கீழ்ப்புறத்திலும் கால்நடைகளைக் கட்டாதீர்.

கிராம அதிகாரிகள் ஐப்பசிக்கு முன்பே ஏரிக் கலிங்குகளிலும் கால்வாய்களிலும் உள்ள அடைப்புகளை நீக்குவித்து, கரையின் பலவீனமான இடங்களைக் குறித்துவைத்தல் வேண்டும். பெருமழை எச்சரிக்கையுள்ள இரவுகளில் கரையைக் காவல் செய்ய ஆட்களை அமர்த்தி, ஆற்றோரத்தாருக்குத் தண்டோரா மூலமும் ஒலிபெருக்கி மூலமும் அறிவித்தல் அவசியம். 2024-ல் இலங்கைக் கீழ்க்கரையில் கொந்தளித்த காற்று ஊத்தங்கரைக்கு மழையாய் வந்துசேர ஏறக்குறைய 5 நாட்கள் ஆயின. கதிரை அறுத்துக் களம் சேர்க்கவும் கலிங்கைத் திறந்துவைக்கவும் அவ்வளவு அவகாசம் போதுமானதாகும்.