மேஜர் பரமேசுவரனது தீரம்

காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடி வாசிகளுக்கு யாழ்ப்பாணம் கடலுக்கு அப்பாலுள்ள ஊரேயன்றி அன்னிய பூமியன்று. அங்கும் நமது பாஷையே வழங்குகிறது. ஆகவே, மேஜர் ராமசாமி பரமேசுவரனை நாம் பெருமையோடு மட்டும் நினைத்தல் இயலாது.

1987 நவம்பர் 25-ந் தேதி இரவு, இந்திய அமைதி காக்கும் படையைச் சேர்ந்த அவர், சோதனை முடித்துத் தம் சிப்பாய்களுடன் இலங்கையில் திரும்பி வருகையில், விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து சுட்டனர். அவர் கலங்கவில்லை, எதிரிகளைப் பின்புறமாக வளைத்துத் தாக்கினார். கைகலப்பில் அவர் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவனது துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்தினார். உயிர் பிரியும் வரை தம்மவர்க்குக் கட்டளையிட்டார். மறைந்த பின் அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பெற்றது.

பம்பாயில் பிறந்த அவரும் தமிழர். எதிரே நின்றோரும் தமிழர். அப்படையை அனுப்பிய ராஜதந்திரத்தைக் கண்டிப்போர் உண்டு. யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட துன்பத்தை நாமும் மறைக்கோம். எனினும், அந்தக் கணக்கை அனுப்பியவர்கள் பேரில் எழுதுவதே நியாயம். ஆபத்தில் முன்னின்றவனுக்குரிய வணக்கத்தை மறுப்பது தர்மமாகாது. சிப்பாய் ஒரு கணத்தில் உயிரைக் கொடுக்கத் துணிகிறான். அவனை அனுப்புவோர் அதற்கு முன் நெடுநாள் யோசிக்கக் கடமைப்பட்டவர்கள்.