கவலை உடலைப் பெருக்குமா?

கவலைப்படுகிறவர் மெலிந்துபோவார், பருத்திருப்பவர் கவலையற்றவர் என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கடன் சுமையும், மகளின் திருமணமும், நோயுற்ற மாமியாரின் பராமரிப்பும் ஒருசேரத் தோளில் ஏறிய ஒரு தாயின் இடை ஆண்டுக்காண்டு பெருத்து வருமாயின், வீட்டார் முதலில் குறை காண்பது அவளுடைய உணவுத் தட்டிலேதான். இத்தீர்ப்பு பல வேளைகளில் அநீதியானது என்பதை வைத்திய ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

வல்ல இறைவன் மனிதனின் இரு சிறுநீரகங்களின் மீதும் தொப்பி கவிழ்த்தாற்போல இரு சிறு சுரப்பிகளை அமைத்துள்ளான். அதிரீனல் சுரப்பிகள் என்பது அவற்றின் பெயர். ஆபத்து எதிர்ப்படும்போது முதலில் அதிரினலின் என்னும் ஹோர்மோன் பாய்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது, பசி அடங்குகின்றது. அடுத்து, மூளையின் கட்டளைப்படி கோர்ட்டிசோல் சுரக்கின்றது. கல்லீரலைத் தூண்டி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது அதன் பணிகளுள் ஒன்றாகும். பாம்பைக் கண்டு ஓடுபவனுக்கு இது பேருதவி. ஓடிய ஓட்டத்தில் சர்க்கரை செலவாகிவிடும். ஆபத்து நீங்கியதும் கோர்ட்டிசோலும் தணிந்துவிடும்.

கடன் பற்றிய கவலையோ பாம்பைப் போல ஊர்ந்து மறைவதில்லை. அது படுக்கைவரை கூட வருகின்றது. அதிலிருந்து ஓடித் தப்பவும் இயலாது. இருந்த இடத்தில் இருந்தவாறே இரத்தத்தில் சர்க்கரை ஏறுகின்றது. அதனை அடக்க இன்சுலின் மிகுதியாகச் சுரக்க நேரிடுகின்றது. இன்சுலின் மிகுந்த உடல் கொழுப்பைச் சேமித்து வைக்குமேயன்றி எளிதில் கரைய விடாது. வயிற்றறையினுள் உறுப்புகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பு, கோர்ட்டிசோலின் தூண்டுதலுக்கு ஏனைய இடங்களைவிட அதிகமாக இணங்குவது. கவலையின் பருமன் கை கால்களைவிட வயிற்றில் முன்னதாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

கவலை எல்லோரையும் ஒரே திசையில் தள்ளுவதில்லை என்பதையும் கூறவேண்டும். லண்டன் நகரின் அரசாங்க உத்தியோகத்தர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹோல் ஆய்வு இதில் பெரிதும் பேசப்படுவது. பொறுப்பு மிகுந்தும் அதிகாரம் குறைந்தும் இருந்த வேலைகளில், முன்னரே பருத்திருந்த ஆண்கள் மேலும் பருத்தார்கள். மெலிந்திருந்தவர்கள் மேலும் மெலிந்தார்கள். வேலை நெருக்கடிக்கு மீண்டும் மீண்டும் ஆளானவர்களிடம் பெருத்த இடை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரைக் கோளாறு ஆகியவை ஒன்றாகத் திரண்டு நிற்கும் வாய்ப்பு ஏனையோரைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்ததென்று 2006ஆம் ஆண்டில் அறிவித்தார்கள்.

உண்ட உணவை உடல் சக்தியாக்கிச் செலவிடும் வினையை அனுசேபம் என்கிறோம். அதனையும் கவலை மந்தப்படுத்துகின்றது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 58 பெண்களுக்கு 930 கலோரியும் 60 கிராம் கொழுப்பும் கொண்ட ஓர் உணவை அளித்து, அடுத்த ஏழு மணி நேரம் அவர்களின் உடல் செலவிட்ட சக்தியை அளந்தார்கள். முந்திய நாளில் கணவருடன் பிணக்கு, பிள்ளைகளால் தொல்லை, வேலைத்தலத்துச் சச்சரவு என ஏதேனும் நேர்ந்திருந்த பெண்கள், அமைதியாக நாளைக் கழித்தவர்களைவிட 104 கலோரி குறைவாகவே செலவிட்டிருந்தார்கள். ஒரு வாழைப்பழத்தின் அளவு என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் நாள்தோறும் இவ்வாறு நிகழுமாயின் ஓராண்டில் ஏறத்தாழ 5 கிலோ எடை கூடலாமென்று 2015இல் வெளியான அவ்வாய்வு கணக்கிட்டது. இது கணக்கேயன்றி எடைத்தட்டில் நிறுத்துக் கண்டதன்று. உடல் அத்தனை நேர்க்கோட்டில் இயங்குவதுமில்லை. எனினும், நேற்றைய சச்சரவு இன்றைய சமிபாட்டில் வந்து நிற்கின்றதென்பது சிந்தனைக்குரியது.

கவலை திருடிச் செல்லும் பொருள்களுள் உறக்கம் முதன்மையானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்தனர். நிறைவாக உறங்கிய நாள்களோடு ஒப்பிடும்போது, போதும் என்று உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது; பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2004இல் வெளியான இம்முடிவில் மற்றொன்றும் உண்டு: அவர்களின் விருப்பம் பெரிதும் இனிப்பையும் உப்புப் பண்டங்களையும் மாப்பொருளையும் நாடிற்று. நள்ளிரவில் பிஸ்கட் பெட்டியைத் தேடும் கையை மனவுறுதியற்ற கை என்று மட்டும் ஏசுவது பொருந்துமா?

நோன்பு மாதத்தில் எடை குறையுமென்று எதிர்பார்த்து, பெருநாளன்று இறுகிய ஆடையைக் கண்டு திகைப்போர் நம்மிடையே பலர். கோர்ட்டிசோல் இயல்பாக அதிகாலையில் உச்சத்திலும் நள்ளிரவில் மிகத் தாழ்ந்தும் இருக்கும். ஜித்தா நகரில் நோன்பாளிகளின் இரத்தத்தைக் காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் சோதித்து 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், இந்த ஏற்ற இறக்கம் குலைந்திருந்தமை புலப்பட்டது. இரவில் தணிந்திருக்க வேண்டிய கோர்ட்டிசோல் உயர்ந்திருந்தது. இரவைப் பகலாக்கி விழித்திருந்து உண்பதும், பகலை இரவாக்கி உறங்குவதுமான இக்கால வழக்கத்தையே ஆய்வாளர்கள் இதனுடன் தொடர்புபடுத்தினார்கள். தராவீஹ் முடிந்தபின் ஸஹர்வரை தொடரும் கடைத்தெரு உலாவும் தொலைக்காட்சியும் நோன்பின் பகுதியல்லவே!

பருத்தவரை நகையாடும் வழக்கமும் இங்கே கணக்கில் வருகின்றது. பருமனானோரை இழிவுபடுத்தும் காட்சிப்படத்தைக் கண்ட பெண்களின் கோர்ட்டிசோல், சாதாரணப் படத்தைக் கண்டவர்களுடையதைவிட உயர்ந்து நின்றதாக அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2014இல் எழுதினார்கள். படத்திலே கண்டதற்கே இந்நிலை. திருமண வீட்டில், பலர் முன்னிலையில், “இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாயே” என்று கேட்கப்படுகின்ற மருமகளின் உடலில் என்ன நிகழுமென்று எண்ணிப் பாருங்கள். பருமனைக் குறைப்பதாக எண்ணிச் சொல்லும் சொல், அதனை வளர்க்கும் ஹோர்மோனையே தூண்டிவிடுகின்றது. அவளுக்கு அன்றாடம் அரை மணி நேரம் நடந்து வரவும், இரவில் ஏழு மணி நேரம் இடையூறின்றி உறங்கவும் வீட்டார் வழிவிடுவார்களாயின் அது ஏச்சைவிடப் பெரிதும் பயன்படும்.

உண்ணும் அளவுக்குப் பொறுப்பில்லை என்று இதனைப் பொருள்கொள்ளலாகாது. எல்லாப் பருமனும் கவலையால் வருவதுமன்று. முகம் முழுமதிபோல் உப்பி, வயிறு பருத்து, கை கால்கள் மட்டும் மெலிந்துவருமாயின் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். கோர்ட்டிசோல் வரம்பு கடந்து பெருகும் இந்நோய், 1912இல் இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்த அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங்கின் பெயரால் வழங்குகின்றது. தொய்வு, மூட்டுவாதம் ஆகியவற்றிற்காக ஸ்டெரொயிட் மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இதே தோற்றம் உண்டாகலாம். அஞ்சி அம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்திவிடுவது உயிராபத்தானது. நீண்ட காலம் ஓய்ந்திருந்த அதிரீனல் சுரப்பி மீண்டும் விழித்தெழ வாரங்களோ மாதங்களோ ஆகக்கூடும். ஆதலின் வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தரவேண்டும்.